கை பிடி

18.09.2025, வியாழன்.

நேற்று மாலைக் கன்னட வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்தேன். 'கதவைப் பிடியுங்கள்' என்பதைக் கன்னடத்தில் சொல்லச் சொன்னார்கள். தெரிந்தவன்போல எழுந்து சொன்னேன். வகுப்பே சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று புரிந்ததும் எனக்கு என் தங்கை ஃபெபாவின் ஞாபகம் வந்தது. அவள் ஓசூரில் முதல் வருடம் பி.காம் படிக்கிறாள், பேரிகையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். இரண்டு வாரமாகக் காலில் மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறாள். இன்று முதல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவளிடம் கேட்டேன். நடுவில் அவளுடைய வகுப்புத் தோழி, வீட்டில் கன்னடம் பேசுகிற காவேரியும் வந்தாள். பேசியதை அப்படியே எழுதுகிறேன். சுருக்கி எழுதினால் எனக்குச் சாதகமாகச் சுருக்கிவிடுவேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஃபெபா: ...அதான் சொல்லிட்டேன்ல. எத்தன தடவ சொல்றது?

ஜாக்சன்: இன்னும் ஒரே ஒரு தடவ.

ஃபெபா: டாக்டர் கேட்டாரு, சொன்னேன். அப்பா கேட்டாரு, சொன்னேன். பஸ் ஓனர் அனுப்புன ஆளு வந்து கேட்டான், சொன்னேன். இப்ப நீ. நாளைக்கு பஸ் ஆபீஸ்ல எல்லாரும் உக்காந்து கேக்கப்போறாங்க. வாய்க்கும் ஒரு கட்டு போட்டு அனுப்பியிருக்கலாம்.

ஜாக்சன்: கால கீழ தொங்கப்போடாத. தலகாணி மேல வை.

ஃபெபா: பேச்ச மாத்தாதணா.

ஜாக்சன்: நீதான் மாத்தற. சொல்லு. ஓடி வந்த. பஸ் கெளம்பிடுச்சு.

ஃபெபா: கெளம்பல. உருண்டுச்சு.

ஜாக்சன்: சரி, உருண்டுச்சு. பின்வாசல் கம்பிய பிடிச்ச.

ஃபெபா: ரெண்டு கையாலயும்.

ஜாக்சன்: கால்?

ஃபெபா: படியில வைக்கறதுக்குள்ள டிரைவர் வேகம் எடுத்துட்டான். இழுத்துட்டுப் போச்சு. ரேஷன் கடை வரைக்கும்.

ஜாக்சன்: கண்டக்டர் ராமப்பன் எங்க நின்னாரு?

ஃபெபா: வாசல்லயே. என் மூஞ்சிக்கு நேரா.

ஜாக்சன்: என்ன சொன்னாரு?

ஃபெபா: ...

ஜாக்சன்: ஃபெபா.

ஃபெபா: 'கை பிடி, கை பிடி'ன்னு கத்துனாரு. நான் பிடிச்சேன். பிடி பிடின்னு ஒருத்தர் கத்துனா யாராவது விடுவாங்களா? அப்புறம் விசில் அடிச்சு நிறுத்துனாரு. அதுக்குள்ள கால் போயிடுச்சு. போதுமா?

ஜாக்சன்: 'கை பிடி'யா? 'கையப் பிடி'யா?

ஃபெபா: என்னது?

ஜாக்சன்: 'கைய'ன்னு சொன்னாரா, வெறும் 'கை'யா?

ஃபெபா: உனக்கு பைத்தியமா? பஸ்ஸு இழுத்துட்டுப் போவுது, நான் இலக்கணம் பாத்துட்டு இருப்பேனா?

ஜாக்சன்: இல்ல... அந்த 'பி' எப்படி இருந்துச்சு?

ஃபெபா: எந்த பி?

ஜாக்சன்: பிடியில வர்ற பி. அழுத்தமா இருந்துச்சா, இல்ல...

ஃபெபா: ணா, எந்திரிச்சுப் போயிடு. நெஜமா சொல்றேன். ஊன்றுகோல் பக்கத்துலதான் இருக்கு.

ஜாக்சன்: நாளைக்கு ராமப்பனும் வருவாரு. அவரு மூஞ்சியப் பாத்து சொல்லணும்.

ஃபெபா: சொல்லுவேன்.

ஜாக்சன்: சொன்னா அவ்ளோதான். இப்ப ரெண்டு வாரமாதான் பஸ்ஸவிட்டு எறக்கி வச்சிருக்காங்க. நாளைக்கு நீ சொன்னா ஒரேயடியா எறக்கிடுவாங்க. அவரும் சின்ன வயசுக்காரரு இல்ல.

ஃபெபா: சொல்லலன்னா என்ன காலேஜவிட்டு எறக்கிடுவாங்க. அது உனக்கு பரவால்ல, இல்ல?

ஜாக்சன்: யாரு எறக்கறது?

ஃபெபா: யாரா? அன்னைக்கு அப்பா சொன்னப்ப நீயும்தான சாப்பிட்டுட்டு இருந்த? 'இன்னொரு தடவ பஸ்ஸ விட்டுட்டு வீட்ல வந்து நின்னா, அன்னையோட காலேஜையும் விட்டுடு.' தட்டப் பாத்துக்கிட்டே கேட்டுட்டு இருந்த. வாயத் தொறந்தியா?

ஜாக்சன்: அவரு ஏதோ கோவத்துல...

ஃபெபா: கோவத்துலயா? ஆஸ்பத்திரியில நிதானமா சொன்னாரு. கண்டக்டர் தப்புன்னா, கட்டு பிரிச்சதும் வேற பஸ்ஸுல காலேஜுக்குப் போ. உன் தப்புன்னா, சூளகிரி கம்பெனிக்குப் போ. அங்கயாவது பஸ் வாசலுக்கே வருதுன்னாரு.

ஜாக்சன்: வருதுதான.

ஃபெபா: வருது. உனக்கு வருது. ரெண்டு ஆரன் அடிச்சு நிக்கறான். நீ சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டே நடந்து போற. நடந்து. என்னைக்காவது ஓடியிருக்கியாணா, அந்த பஸ்ஸுக்கு?

ஜாக்சன்: கம்பெனி பஸ்ஸும் டவுன் பஸ்ஸும் ஒண்ணா?

ஃபெபா: அதான் கேக்கறேன். ஏன் ஒண்ணு இல்ல? பேரிகையில ஏறி, பாகலூர்ல நசுங்கி, ஓசூர்ல எறங்கி, மறுபடி ஷேர் ஆட்டோ. உள்ள போனா அக்கவுண்டன்சி சார், 'பேரிகை வந்தாச்சா? இனிமே பாடத்த ஆரம்பிக்கலாமா?'ன்னு கேப்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. என் பேரு ஃபெபான்னே பாதி பேருக்குத் தெரியாது. பேரிகைதான். ஹாஸ்டல் பொண்ணுங்க மணி அடிச்சப்புறம் தல வாரிக்கிட்டு வந்து எனக்கு முன்னாடி உக்காந்திருப்பாங்க.

ஜாக்சன்: நீ அதெல்லாம் வீட்ல சொன்னதில்லியே.

ஃபெபா: சொன்னா? 'அவ்ளோ கஷ்டம்னா நின்னுடு'ம்பாங்க. முதல் பீரியட் போயிட்டா அப்பா போனுக்கு மெசேஜ் போவுது, உங்க மகள் வரவில்லைன்னு. நான் ரெண்டாவது பீரியட்ல உக்காந்திருப்பேன். அப்பா ரோஜாத் தோட்டத்துல நின்னுக்கிட்டு அந்த மெசேஜ எல்லார்கிட்டயும் காட்டிட்டு இருப்பாரு.

ஜாக்சன்: கொஞ்சம் முன்னாடியே கெளம்பியிருக்கலாம்ல?

ஃபெபா: ...இத நீ கேக்கற.

ஜாக்சன்: ஏன், நான் கேக்கக்கூடாதா?

ஃபெபா: அன்னைக்கு ஏன் லேட்டாச்சு தெரியுமா உனக்கு?

ஜாக்சன்: தூங்கிட்ட. அப்பாகிட்ட நீதான் சொன்ன.

ஃபெபா: சொன்னேன். தூங்கல. அப்பாவும் அம்மாவும் பூ வெட்டப் போனதுலேருந்து முழிச்சுட்டுதான் இருந்தேன். ரசம்.

ஜாக்சன்: ரசமா?

ஃபெபா: உன் ரசம் டப்பா. அந்த வாரம் உனக்கு ஜெனரல் ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டு ஜன்னல்லேருந்து கத்துன, 'ரசம், ரசம்'னு. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தவ திரும்பி வீட்டுக்கு ஓடுனேன். எடுத்துட்டு வந்து உன் ஜன்னல்ல குடுத்தேன். அது வரைக்கும் உன் பஸ் நின்னுச்சுணா. ஒரு டப்பா ரசத்துக்கு நின்னுச்சு. குடுத்துட்டுத் திரும்பறேன், அந்தப் பக்கம் என் பஸ்ஸுக்கு விசில் அடிக்குது.

ஜாக்சன்: ...எனக்குத் தெரியாது.

ஃபெபா: தெரியாது. ஜன்னல சாத்திட்டுப் போயிட்ட.

ஜாக்சன்: அப்பாகிட்ட ஏன் சொல்லல?

ஃபெபா: சொன்னா உன்னத் திட்டுவாரா? 'அண்ணனுக்கு ராத்திரியே எடுத்து வைக்கறதுக்கென்ன'ன்னு அதுக்கும் என்னத்தான் கேப்பாரு. தூங்கிட்டேன்னு சொன்னா ஒரே திட்டோட முடிஞ்சுது.

ஜாக்சன்: ...அன்னைக்கு கேன்டீன்லயே ரசம் குடுத்தாங்க. அந்த டப்பாவ நான் தொறக்கவே...

ஃபெபா: பேசாத. தயவுசெஞ்சு பேசாத.

ஜாக்சன்: சரி.

ஃபெபா: தொறக்கவே இல்லியாம்.

ஜாக்சன்: நான் கேக்க வந்தது வேற. நேத்து கிளாஸ்ல ஒண்ணு நடந்துச்சு.

ஃபெபா: உன் கிளாஸ் கத எனக்கெதுக்கு? பார்டர் தாண்டி அத்திப்பள்ளி யூனிட்டுல லைன் லீடர் ஆவறதுக்கு நீ கன்னடம் படிக்கற. அதுக்கு மட்டும் அப்பா, 'படி ராஜா, படிச்சா முன்னுக்கு வரலாம்'ம்பாரு.

ஜாக்சன்: கேளேன். கதவ பிடிங்கன்னு கன்னடத்துல சொல்லச் சொன்னாங்க மிஸ். அவங்களே போயி கதவ பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. நான் எழுந்து, 'பாகிலு பிடி'ன்னேன். பாகிலுன்னா கதவு. அவங்க டக்குனு கதவ விட்டுட்டாங்க. படார்னு சாத்திக்கிச்சு. எல்லாரும் சிரிக்கறாங்க. நான் மட்டும் நிக்கறேன். ஏன்னு தெரியுதா?

ஃபெபா: தெரியல.

ஜாக்சன்: கன்னடத்துல 'பிடி'ன்னா விடுங்கன்னு அர்த்தம். பிடிக்கறதுக்கு 'ஹிடி'. அந்த பி வேற. பிள்ளைக்கு வர்ற பி இல்ல. பிஸ்கட்டுக்கு வர்ற பி. நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே பிதான், எழுதினா வித்தியாசமே தெரியாது. ராமப்பன் வீட்ல கன்னடம். அவரு பதட்டத்துல அவரு பாஷையில கத்தியிருக்காரு. கைய விடு, கைய விடுன்னு. நாம செஞ்சிக்காரங்க. வந்து மூணு வருஷம் ஆவுது, நமக்கு இங்கத்த பாஷ தெரியாது. நீ அத நம்ம பாஷையில கேட்டுட்ட. அவரு விடச் சொன்னாரு ஃபெபா. பஸ்ஸு அப்பதான் உருண்டுச்சுன்னு நீயே சொல்ற. விட்டிருந்தா மண்ணுல உக்காந்திருப்ப. முட்டி செராச்சிருக்கும். அவ்ளோதான்.

ஃபெபா: அப்ப என் தப்புன்ற.

ஜாக்சன்: நான் அப்படிச் சொன்னேனா?

ஃபெபா: வேற எப்படிச் சொன்ன? அவரு சரியாத்தான் சொன்னாரு, நான்தான் கேக்கல. கால் ஒடஞ்சது எனக்கு, நல்லவரு அவரு.

ஜாக்சன்: பாஷ தெரியாதது ஒரு தப்பா? காதுல மாறி விழுந்துடுச்சு. யார் மேலயும் தப்பு இல்ல.

ஃபெபா: தமிழ்ல சொல்லியிருக்கணும். பேரிகையிலேருந்து ஓசூர் போற பஸ்தான? பெங்களூர் பஸ்ஸா?

ஜாக்சன்: பதட்டத்துல எவனுக்கு எந்த பாஷ வரும்னு யாரு கண்டா? நீ அன்னைக்கு விழுந்தப்ப எப்படிக் கத்துன?

ஃபெபா: ...அம்மான்னு.

ஜாக்சன்: அதான்.

ஃபெபா: என்ன அதான்? நீ நாலு வாரம் கிளாஸ் போயிட்டு வந்து எனக்குத் தீர்ப்பு சொல்றியா?

ஜாக்சன்: எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. தப்பா புரிஞ்சுக்கிட்டேனோன்னு கிளாஸ் முடிஞ்சு மிஸ்கிட்ட மறுபடி போயி கேட்டேன். சரிதான்னாங்க. இருந்தாலும் உன்னக் கேட்டாதான்...

காவேரி: உள்ள வரலாமா? இல்ல, சண்ட முடியற வரைக்கும் வெளியவே நிக்கட்டுமா? தெருமுன வரைக்கும் கேக்குதுங்க.

ஜாக்சன்: வா காவேரி. காலேஜ் விட்டு நேரா வர்றியா?

காவேரி: நேரா எங்கணா? பாகலூர்ல முக்கால் மணி நேரம் நின்னு, தொங்கிக்கிட்டு வர்றேன். இந்தா ஃபெபா, பன்னு. நசுங்கிப்போச்சு. என்னாட்டமே.

ஃபெபா: வேணாம்.

காவேரி: கோவத்த பன்னு மேல காட்டாத கணே. அது என்ன பண்ணுச்சு? இன்னைக்கும் பஸ்ஸுல அந்தப் புதுப் பையன்தான் கண்டக்டர். ஓசூர்னு டிக்கெட் கேட்டா பாகலூர்னு குடுக்கறான். பின்னாடி உக்காந்துக்கிட்டு எல்லாரும் அவன ஓட்டறாங்க, 'தம்பி, நீ எறங்கற எடமாவது தெரியுமா?'ன்னு. நானும் சிரிச்சேன். அப்புறம் சிரிக்க முடியல.

ஜாக்சன்: ஏன்?

காவேரி: ராமப்பன் மாமா எங்க இருக்காருன்னு யாராவது கேட்டீங்களா? எங்க தெருதாங்கணா அவரு. ராயக்கோட்ட மண்டிக்குப் போறாரு. தக்காளிப் பெட்டி தூக்கறாரு. நேத்து சாயங்காலம் தள்ளாடி நடந்து வந்தாரு, இடுப்புல கை வச்சுக்கிட்டு. எங்கம்மா கேட்டதுக்கு, 'பஸ்ஸுல நின்னு நின்னு கால் மரத்துப்போச்சு, இப்பதான் நடக்கறேன்'னு சிரிக்கறாரு.

ஃபெபா: அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

காவேரி: நீ பண்ணிட்ட.

ஃபெபா: கால் ஒடஞ்சு கெடக்கறது நான்.

காவேரி: தெரியும். அதான் ரெண்டு வாரமா வாயத் தொறக்கல நானு. உங்கப்பா பஸ் ஸ்டாப்புல நின்னு அவர பேசுன பேச்சுக்கும் தொறக்கல. இன்னைக்கு வந்தேன், ஏன்னா நாளைக்கு பத்து மணிக்கு ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்க. என்ன சொல்லப்போற?

ஜாக்சன்: இரு காவேரி, அதுக்கு ஒரு வழி இருக்கு. அது ஒரு வார்த்தையில நடந்த குழப்பம். கன்னட பிடி, தமிழ் பிடி. அவரு விடச் சொன்னாரு, இவ பிடிக்கச் சொன்னாருன்னு...

காவேரி: இதக் கண்டுபிடிக்கவா நாலு வாரம் கிளாஸ் போனீங்க? என்னக் கேட்டிருந்தா ஒரு டீக்கு சொல்லியிருப்பேனே.

ஜாக்சன்: அப்ப சரிதான? நான் புரிஞ்சுக்கிட்டது?

காவேரி: வார்த்த சரிங்கணா. ஆனா...

ஃபெபா: காவேரி.

காவேரி: என்ன?

ஃபெபா: தண்ணி குடிக்கறியா?

காவேரி: தண்ணியா? முதல் வாரம் கேன்டீன்ல போயி, 'நீரு கொடி'ன்னு கன்னடத்துல கேட்டியே, நெனப்பு இருக்கா? ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க, இவ எந்த ஊர்க்காரின்னு.

ஃபெபா: அது ஒரு வார்த்த. சும்மா கேட்டேன்.

காவேரி: ஆமா. சும்மா.

ஜாக்சன்: என்ன நீங்க ரெண்டு பேரும்... என்ன விஷயம்?

காவேரி: ஒண்ணும் இல்லீங்கணா. நாளைக்கு நான் வரமாட்டேன் ஃபெபா. வந்தா பேசிடுவேன். நான் பேசக்கூடாது. நீதான் பேசணும். பன்ன சாப்பிடு, எறும்பு வந்துடும்.

ஜாக்சன்: காவேரி, இரு, டீயாவது... போயிட்டா. என்ன சொல்ல வந்தா அவ?

ஃபெபா: அவங்க தெருக்காரரு. அவருக்குத்தான் பேசுவா.

ஜாக்சன்: இல்ல, 'ஆனா'ன்னு ஏதோ ஆரம்பிச்சா. நீ நிறுத்துன.

ஃபெபா: நான் நிறுத்தறது இருக்கட்டும். நேத்து அம்மா போனுக்கு உங்க கம்பெனிலேருந்து போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன்.

ஜாக்சன்: ...எதுக்கு?

ஃபெபா: ஃபெபாவோட ஆதார் காப்பி வேணுமாம். சேர எப்ப வர்றாங்கன்னு கேட்டாங்க. பேர் குடுத்தது யாருன்னு கேட்டேன். உங்க அண்ணன்தாம்மா, பிரேக் லைன் ஜாக்சன்னு சொன்னாங்க.

ஜாக்சன்: அது வந்து...

ஃபெபா: எப்ப குடுத்த?

ஜாக்சன்: ஃபெபா, நான் சொல்றத...

ஃபெபா: கால் ஒடஞ்சப்புறமா? சொல்லுணா. அதுக்கப்புறம்னா பரவால்ல. இனிமே இவளால முடியாதுன்னு குடுத்தேன்னு சொல்லு.

ஜாக்சன்: ...முன்னாடி. அதுக்கு முந்தின வாரம்.

ஃபெபா: முன்னாடி.

ஜாக்சன்: தெனமும் காலையில நீ அழுவறத பாத்துட்டுதான் குடுத்தேன். பஸ் போயிடுமோ, பஸ் போயிடுமோன்னு சோறு எறங்காம...

ஃபெபா: அழுதேன். அழுதுக்கிட்டே ஏறலையா? ஒரு நாளாவது நின்னுக்கறேன்னு சொன்னேனா? அழறவ படிக்கக்கூடாதுன்னு எவன் சொன்னது? அழுதா பஸ்ஸ மாத்தி விடுங்க. ரசத்த நீயே ஊத்திக்க. காலேஜ ஏன் நிறுத்தற?

ஜாக்சன்: நான் நிறுத்தல. ஒரு பேச்சுக்குப் பேர் குடுத்து வச்சேன்.

ஃபெபா: அப்பாவுக்கு கம்பெனி ஞாபகம் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பதான் தெரியுது. சூளகிரி, வாசலுக்கே பஸ்ஸு. அது அப்பா பேச்சே இல்ல. உன் பேச்சு. இல்லன்னு சொல்லு.

ஜாக்சன்: நான் ஐ.டி.ஐ. முடிச்சப்ப காலேஜ் போறியாடான்னு யாரும் என்னக் கேக்கல.

ஃபெபா: அதனால?

ஜாக்சன்: அதனால ஒண்ணும் இல்ல.

ஃபெபா: அதனால நானும் போவக்கூடாதா?

ஜாக்சன்: அப்படி நெனச்சு குடுக்கல. குடுக்கலன்னுதான் நெனக்கறேன். ...தெரியல ஃபெபா. இருந்தாலும் இருக்கலாம்.

ஃபெபா: ...

ஜாக்சன்: அழாத.

ஃபெபா: அழல. கோவம் வந்தா எனக்குத் தண்ணி வருது. அதையும் கொண்டுபோயி கம்பெனியில எழுதிக் குடுத்துடாத.

ஜாக்சன்: பேர எடுத்துடறேன். நாளைக்கே சொல்லிடறேன்.

ஃபெபா: நாளைக்கு நான் பஸ் ஆபீஸ்ல ஜெயிச்சாதான உனக்கு அந்தப் பேர எடுக்கற வேல? தோத்தா பேரு அங்கயே இருக்கட்டும்னு அப்பா சொல்லுவாரு.

ஜாக்சன்: தோக்க மாட்ட. அதான் வழி சொல்றேன்ல? நாளைக்கு நீ ஒண்ணும் பேச வேணாம். நானே சொல்லிடறேன். நாங்க வெளியூருங்க, எங்களுக்குக் கன்னடம் தெரியாது, அவரு நல்லதுக்குத்தான் சொன்னாரு, பொண்ணு காதுல மாறி விழுந்துடுச்சுன்னு. ஓனருக்கும் நிம்மதி. ராமப்பன் மறுபடி பஸ் ஏறிடுவாரு. அப்பா உன்னத் தப்பு சொல்ல முடியாது, பாஷ தெரியாததுக்கு யாரு என்ன பண்ண முடியும்? கட்டு பிரிச்சதும் நீ காலேஜ் போலாம். கதவ விட்டது மாதிரிதான் இதுவும். எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. சரியா? ...ஃபெபா? இதுல என்ன கொறைச்சல்? யாரும் பொய் சொல்லத் தேவையே இல்ல.

ஃபெபா: பிஸ்கட்டுக்கு வர்ற பின்னு சொன்னாங்களா உங்க மிஸ்?

ஜாக்சன்: ஆமா. ஏன்?

ஃபெபா: எனக்கு அப்படிச் சொல்லல.

ஜாக்சன்: யாரு?

ஃபெபா: பி.காமுக்கு வர்ற பி. முதல் வாரம் பஸ்ஸுல ஒரு கெழவி என் பைய மடியில வாங்கி வச்சிருந்தாங்க, விழுந்துடுமோன்னு நான் தமிழ்ல பிடிங்கன்னு சொல்லிட்டேன். அவங்க பைய விட்டுட்டாங்க, எல்லாம் கீழ கொட்டிடுச்சு. ராமப்பன்தான் பொறுக்கிக் குடுத்தாரு. அதுலேருந்து டிக்கெட் குடுக்கறப்பல்லாம் ஓட்டுவாரு, 'என்னம்மா பி.காம், பி இன்னும் சரியா வரலியா? எங்க, ஒரு தடவ சொல்லு'ன்னு. தெனமும் சொல்லுவேன். காவேரி பக்கத்துல நின்னு சிரிப்பா. ...கைய விடத்தான் சொன்னாருன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுதுணா. விட்டுட்டு வீட்ல வந்து நின்னா அப்பா என்ன சொல்லுவாருன்னும் தெரியும். அதான் விடல.

நாளை: ஷிஃப்டுக்கு லீவு சொல்லியாயிற்று. அப்பா தோட்டத்துக்குக் கிளம்புவதற்கு முன் எழுந்து, ரசம் டப்பாவைப் பற்றியும் கம்பெனியில் பேர் கொடுத்ததைப் பற்றியும் நான் அவரிடம் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு ஃபெபாவை பஸ் ஆபீஸுக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே அவள்தான் பேசுவாள்.